கோவை மொட்டை மாடியிலிருந்து எக்ஸ்-கதிர் நுண்ணோக்கி வரை: ஒரு துகளைக் கொண்டுபோகும் முறை

காற்றில் மிதக்கும் தூசியை வடிதாளில் சேர்த்து மொத்தமாக அளந்தால் கரி எவ்வளவு, சல்ஃபேட் எவ்வளவு என்று எண் கிடைக்கும். கரி உப்புக்குள் பொதிந்திருக்கிறதா, தனியாகத் திரிகிறதா என்பது அதில் தெரியாது. வெயிலைக் கரி எவ்வளவு உறிஞ்சும் என்பதே இந்த அமைப்பைப் பொறுத்துத்தான் மாறும். அதைப் பார்க்க எஸ்டிஎக்ஸ்எம் என்னும் ஊடுருவு எக்ஸ்-கதிர் நுண்ணோக்கி வேண்டும். பெர்க்லியின் ஏஎல்எஸ், சுவிட்சர்லாந்தின் எஸ்எல்எஸ், கனடாவின் சாஸ்கடூன், பெர்லினின் பெஸ்ஸி போன்ற சின்க்ரோட்ரான்களில், அதாவது எலெக்ட்ரான்களைச் சுழலவிட்டு வலுவான எக்ஸ்-கதிர் தரும் பெரிய ஆய்வுக்கூடங்களில், விண்ணப்பித்து நேரம் வாங்க வேண்டும். அங்கே கிடைப்பது சில ஷிஃப்டுகள்தான். ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் அங்கே அல்ல, இங்கே மாடியில், மாதிரி பிடிக்கும்போது.

மாதிரி பிடித்தல்

100 நானோமீட்டர் தடிப்புள்ள சிலிக்கான் நைட்ரைடு சவ்வு ஜன்னல்களை (துகள் படியும், எக்ஸ்-கதிர் ஊடுருவும் மெல்லிய சவ்வுச் சட்டங்கள்) வாங்குங்கள். கார்பனைப் பார்க்க இதுவே சரி. கார்பன் பூசிய கிரிட் (நுண்ணோக்கிக்கான சிறு உலோக வலை) பின்னணியிலேயே கார்பனைக் காட்டிவிடும். நைட்ரஜனைப் பார்க்க வேண்டுமென்றால் கதை தலைகீழ்: சவ்விலேயே நைட்ரஜன் இருப்பதால் அதற்குக் கார்பன் படல கிரிட்டில் தனியாகப் பிடிக்க வேண்டும்.

ஜன்னலை இம்பேக்டரின் (காற்றை வேகமாகப் பாய்ச்சி, துகளைத் தட்டில் மோதிப் படியவைக்கும் கருவி) தட்டில், காற்றுத் தாரைக்கு நேர் கீழே வையுங்கள். இனி எத்தனை நிமிடம் என்பதுதான் கேள்வி. 10 மைக்ரானுக்கு 10 மைக்ரான் சதுரத்தில் சுமார் 15 துகள் இருந்தால் போதும். படிவுப் பரப்பு 10 சதுர மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 15 லட்சம் துகள். நிமிடத்துக்கு 1 லிட்டர் இழுக்கும் பம்பு, கன சென்டிமீட்டருக்கு 200 துகள் என்று வைத்தால் நிமிடத்துக்கு 2 லட்சம்; ஆக ஏழரை நிமிடம். அவினாசி சாலையோரம் மாலை நெரிசலில் இதைவிடக் குறையும், வால்பாறையில் கூடும். ஒவ்வொரு இடத்திலும் 3, 8, 20 நிமிடம் என்று மூன்று ஜன்னல் பிடித்துவிடுவது நல்லது. வெறும் கண்ணுக்குக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அந்த ஜன்னல் வீண்: துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், கலவை காற்றிலேயே நடந்ததா ஜன்னலில் நடந்ததா என்று சொல்லவே முடியாது.

ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் அம்மோனியம் சல்ஃபேட் கரைந்து சொட்டாகி, சவ்வில் மோதிப் பரவிவிடும். சிலிக்கா ஜெல் உலர்த்தியை முன்னால் மாட்டினால் அது நிற்கும். ஆனால் உலர்ந்த துகள் மோதித் தெறித்து ஓடும் வாய்ப்பு கூடும். பனிக்காலக் காலைகளில் உலர்த்தி வேண்டும், சித்திரை மதியத்தில் வேண்டாம். பம்பின் வெளியேற்றுக் குழாயைக் காற்று போகும் திசையில் பத்து மீட்டர் தள்ளி விடுங்கள். கார்பன் தகடுகள் சுழலும் வேன் பம்பிலிருந்து வரும் கார்பன் தூள் மாதிரியில் அழகான கரித்துகளாகவே காட்சி தரும். பம்பை ஓட்டாமல் ஒரு வெற்று ஜன்னலையும் அதே நேரம் வைத்திருங்கள்.

மூடிய உலர் டப்பாவில், இருட்டில், குளிர்ப்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால்தான் பனித்துளி படியாது.

கருவியில்

ஜன்னலை மாதிரித் தட்டில் ஒட்டும்போது இரண்டு மூலையில் மட்டும் டேப் போடுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் அடியில் காற்று அடைபட்டு, வெற்றிடம் இழுக்கும்போது சவ்வு வெடித்துவிடும். வெற்றிடத்தில் அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகிப் போகும் என்பதையும் முடிவுகளைப் படிக்கும்போது மறக்க வேண்டாம்.

முதலில் பாலிஸ்டைரீன் உருண்டையால் ஆற்றலைச் சரிபாருங்கள். அதன் முதல் உச்சம் 285.15 எலெக்ட்ரான் வோல்ட்டில் வர வேண்டும். பிறகு 278, 285.4, 288.6, 320 எலெக்ட்ரான் வோல்ட் ஆகிய நான்கு ஆற்றல்களில் படம். புள்ளி இடைவெளி 40 நானோமீட்டர், ஒரு புள்ளிக்கு 1 மில்லி விநாடி. விழும் கதிரை ஊடுருவிய கதிரால் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் ஒளி அடர்த்தி. அது 1.5ஐத் தாண்டும் தடித்த துகளில் உச்சங்கள் நசுங்கித் தெரியும், அதை விட்டுவிடுங்கள்.

320 படத்திலிருந்து 278 படத்தைக் கழித்தால் மொத்தக் கார்பன். 278இன் அடர்த்தி 320இன் அடர்த்தியில் பாதிக்கு மேல் இருந்தால் அந்தப் புள்ளியில் கனிமம் ஆதிக்கம். 285.4இன் உயர்வை மொத்தக் கார்பனால் வகுத்து, கிராஃபைட்டின் அதே விகிதத்தோடு ஒப்பிட்டு, 35 சதவீதத்தைத் தாண்டினால் கரி. 288.6 கார்பாக்சில் அமிலம், அதாவது கரிமப் பூச்சு.

கழிப்பதற்கு முன் படங்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்துங்கள். ஆற்றல் மாறும்போது லென்ஸ் நகரும், படமும் நகரும். ஒரே புள்ளி பிசகினாலும் துகளின் ஒரு விளிம்பு வெளிச்சமாகவும் எதிர் விளிம்பு கறுப்பாகவும் வந்து, இல்லாத பூச்சைக் காட்டும். உண்மையான பூச்சு சுற்றிலும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் முதலில் பொருத்தத்தைச் சந்தேகியுங்கள்.

நம்மூர்த் துகளை அடையாளம் காண

முக்கியமான சில துகள்களுக்கு 278 முதல் 320 வரை முழு நிறமாலை எடுங்கள். 283 முதல் 292 வரை 0.2 எலெக்ட்ரான் வோல்ட் படிகள். 297.4, 299.9இல் இரட்டை உச்சம் வந்தால் பொட்டாசியம்: திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லர் விறகு, காங்கயம் தேங்காய்த்தொட்டிக் கரி போல ஏதோ தாவரம் எரிந்த புகை. 290.4இல் கூரிய உச்சமும், தனியாக வருடும்போது 350 வாக்கில் கால்சியமும் சேர்ந்தால் சுண்ணாம்புத் தூசி. மதுக்கரைப் பக்கம் இதை எதிர்பார்க்கலாம். வார்ப்படப் பட்டறைத் துகளுக்கு 708, 710இல் இரும்பைத் தனியாகப் பாருங்கள், இரண்டின் உயரமும் எந்த ஆக்சிஜனேற்ற நிலை இரும்பு என்று காட்டும். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் கடல் உப்பு, கார்பன் குறைந்த கனசதுரமாக நிற்கும்.

ஒரே துகளைத் திரும்பத் திரும்ப வருடாதீர்கள், 288.6 குறைந்து 285 வளர ஆரம்பித்தால் கதிர் துகளை எரிக்கிறது என்று பொருள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க ஆசையிருந்தால் எல்லாம் முடிந்தபின் பாருங்கள், முன்னால் பார்த்தால் அதன் கற்றை படிய வைக்கும் கார்பன்தான் உங்கள் முடிவாக வரும்.