விமானத்துக்குள் எண்ணெய் நாற்றம் அடித்தால் என்ன செய்வது?

போயிங் 787 போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலான ஜெட் விமானங்களில் கேபின் காற்று எஞ்சினில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரிலிருந்தோ வாலில் உள்ள துணை எஞ்சினிலிருந்தோதான் வருகிறது. ஆயில் சீல் தேய்ந்தாலும், ஆயிலை அளவுக்கு மேல் நிரப்பினாலும் சூடான எண்ணெயின் ஆவி அதே வழியில் உள்ளே நுழையும். கேபின் காற்றை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர் தூசியையும் கிருமியையும்தான் பிடிக்கும். ஆவியும் அதோடு வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் அதில் நிற்காது.

ஊறிப்போன சாக்ஸ் நாற்றம் என்றால் எஞ்சின் ஆயிலைச் சந்தேகிக்கலாம். கண்ணை எரிக்கும் காரநெடி ஹைட்ராலிக் திரவமாக இருக்கலாம். விமான நிலைய கேட்டில் விமானம் நிற்கும்போது வரும் கெரசின் வாடை பெரும்பாலும் பக்கத்து விமானப் புகைதான், சில நிமிடத்தில் போய்விடும். போகாவிட்டால் உடனே பணியாளரிடம் சொல்லுங்கள். தாமதித்தால் மூக்கு பழகி, நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும்.

மேலிருந்து விழும் ஆக்சிஜன் மாஸ்க்கை நம்ப வேண்டாம். அது கேபின் காற்றையும் சேர்த்தே தருகிறது. என்95 மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கார்பன் அடுக்குள்ள மாஸ்க் எண்ணெய் ஆவியைக் கொஞ்சம் குறைக்கும், கார்பன் மோனாக்சைடுக்கு அதுவும் உதவாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை மேல்தட்டில் வைக்காமல், முன்சீட்டுக்கு அடியில் உள்ள பையில் வையுங்கள்.

இறங்கியபின் தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடை அளக்கும் கார்பாக்சிஹீமோகுளோபின் பரிசோதனை கேளுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இங்கே ஏமாற்றிவிடும்: கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியதாகவே காட்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே அந்த அளவு சுமார் 4-5 மணி நேரத்தில் பாதியாகிவிடும், தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள். ஆகவே ரத்தம் எடுத்த நேரம், முன்பே ஆக்சிஜன் தந்தார்களா, புகைப்பவரா என்ற மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும். தாமதமாக எடுத்த பரிசோதனை இயல்பாக வந்தால் பாதிப்பே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

ஆவியைச் சுவாசித்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கிய இருமலோ வீசிங்கோ வாரக்கணக்கில் நீடித்தால் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் (ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) சரியாக இருந்தும் மூச்சுக்குழாய் மிகைவினை, அதாவது சிறு தூண்டலுக்கே மூச்சுக்குழாய் சுருங்குவது, இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்க மெத்தகோலின் என்ற மருந்தைச் சுவாசிக்க வைத்துப் பார்க்கும் சோதனை வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1992-ல் பிஏஇ 146 விமானத்தில் புகையைச் சுவாசித்து, விடாத இருமலுக்கு ஆளான பணிப்பெண்ணுக்கு நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது. விமான நிறுவனத்தின் மேல்முறையீட்டு முயற்சி 2010-ல் தோற்றது.

விமானப் பதிவெண், சீட் எண், நாற்றம் வந்த நேரம், அப்போது விமானம் ஏறியதா இறங்கியதா என்பவற்றை அன்றே எழுதி வையுங்கள். பணியாளராக இருந்தால், விமானக் கோளாறுகளைக் குறிக்கும் டெக்னிக்கல் லாக்கில் பதிவானதா என்று கேப்டனிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.