டர்போ காருக்கு அலுமினிய சார்ஜ் பைப்: ஜாயின்ட் கழலாமல் மாட்டுவது எப்படி?

டர்போ அழுத்திய காற்றை இன்ஜினுக்குக் கொண்டுபோவது சார்ஜ் பைப். டர்போ காரில் அந்தப் பிளாஸ்டிக் பைப்பைக் கழற்றிவிட்டு அலுமினியம் மாட்ட வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி, பூஸ்ட் (டர்போவின் காற்றழுத்தம்) ஏற்றியவர்கள் ஒரு வகை, பழைய பைப்பில் விரிசல் கண்டவர்கள் இன்னொரு வகை. கண்ணாடி இழை கலந்த நைலான் பைப் சூடும் எண்ணெய் ஆவியும் பட்டுப்பட்டு சில வருடங்களில் அப்பளம்போல் மொறுமொறுத்துவிடும். பி.எம்.டபிள்யூவின் என்55 இன்ஜினில் திராட்டில் பாடிக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) முன்னால் இருக்கும் பைப் உடைவது ஊரறிந்த சங்கதி.

பைப்பை மாற்றினால் மட்டும் குதிரைத்திறன் கூடிவிடாது. "மெட்டல் பைப் காற்றைக் குளிர்விக்கும்" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் மே மாத வெயிலில் பத்து நிமிடம் நின்றால் பிளாஸ்டிக்கைவிட அலுமினியம்தான் சீக்கிரம் சூடேறும். அலுமினியத்தால் உடையாத பைப் கிடைக்கிறது, அவ்வளவுதான். அது உடையாவிட்டாலும் ஜாயின்ட் கழலும். அதனால் இந்த விளக்கத்தில் பாதிக்கு மேல் ஜாயின்ட் பற்றியே இருக்கும்.

எந்தப் பக்கத்துப் பைப்?

ஃபில்டரிலிருந்து டர்போ வரை உறிஞ்சும் பக்கம். டர்போவிலிருந்து திராட்டில் பாடி வரை அழுத்தப் பக்கம். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். போல முன்னால் இன்டர்கூலர் (டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) உள்ள காரில் அழுத்தப் பக்கத்தில் சூடான பைப், குளிர்ந்த பைப் என்று இரண்டு இருக்கும். பி.எம்.டபிள்யூ எம்340ஐ காரின் பி58 இன்ஜினில் இன்டர்கூலர், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருப்பதால் ஒரே ஒரு குட்டைப் பைப்தான். வாங்குவதற்கு முன் உங்கள் காரில் எத்தனை பைப், எத்தனை சென்சார் என்று பானெட்டைத் திறந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

உறிஞ்சும் பக்கத்தை மாற்றுபவர்கள் சறுக்கும் இடம், உள்ளே போகும் காற்றை அளக்கும் காற்றளவு சென்சார். அந்த சென்சார் உட்காரும் குழாயின் உள்விட்டம் ஒரிஜினல் அளவிலேயே இருக்க வேண்டும். 70 மி.மீ. இருந்த இடத்தில் 76 மி.மீ. போட்டால் பரப்பு 18 சதவீதம் கூடிவிடும். அதே காற்று மெதுவாக ஓடுவதால் சென்சார் குறைவாகக் கணக்குச் சொல்லும், பெட்ரோல் குறையும், பி0171 (பெட்ரோல் பற்றாக்குறை) எரர் வரும். அழுத்தப் பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. முதல்முறை செய்பவர் அழுத்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பிஒய்-01 (புதுச்சேரி) ஆனாலும் டிஎன்-31 (கடலூர்) ஆனாலும் அதே சட்டம்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வாரண்டி உள்ள கார் என்றால் இரண்டு முறை யோசியுங்கள். பழைய பைப்பைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் பரணில் வையுங்கள்.

வாங்க வேண்டியவை

63.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு பைப்புக்கான கணக்கு இது:

- இரு முனையிலும் விளிம்பு மேடு உள்ள அலுமினியப் பைப் 1
- 5 மி.மீ. தடிமனுள்ள சிலிகான் ஹோஸ் 2
- 70–78 மி.மீ. வரை இறுகும் டி-போல்ட் கிளாம்ப் (அகலப் பட்டையை போல்ட்-நட்டால் இறுக்கும் வகை) 4, கைவசம் 1
- புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்): சென்சாருக்கு 1, கம்பிக் கிளிப்பால் பூட்டும் ஜாயின்ட் ஒவ்வொன்றுக்கும் 1
- ஐசோபுரொபைல் ஆல்கஹால் அரை லிட்டர், பஞ்சு பிரியாத துணி
- சிறிய டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) பிட் செட்

ஹோஸின் வெளிவிட்டம் ஏறக்குறைய 73.5 மி.மீ. வரும். கிளாம்ப் அளவை வெளிவிட்டத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பைப்பை வைத்தல்ல. சாதாரணத் திருகு கிளாம்பின் பட்டையில் உள்ள வெட்டுகள் சிலிகானைக் கீறி உள்ளே இறங்கிவிடும். அழுத்தப் பக்கத்தில் அதைத் தவிருங்கள்.

படி 1: ஆறவிட்டுக் கழற்றுதல்

இன்ஜினை அணைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். சில கார்களில் அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும் என்பதால் சாவியைக் கழற்றிய பிறகும் அதன் பக்கம் கையை விடாதீர்கள். அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்து மணல் வாசல் ஸ்டாண்டைத் தாங்காது, சிமென்ட் தரை வேண்டும்.

சென்சார் பிளக்கை ஒயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அமுக்கிக் கழற்றுங்கள். கம்பிக் கிளிப்பை முழுவதுமாக உருவாமல் அதன் முதல் நிலை வரை மட்டும் தூக்கினால் தொலையாது. பைப் வந்ததும் டர்போ வாயையும் திராட்டில் வாயையும் உடனே மூடுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரியும். நல்ல நிறமுள்ள முழுத் துணியைச் சுருட்டி வைத்து, ஒரு முனை வெளியே தொங்கும்படி விடுங்கள். டர்போ சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுவது. மறந்துபோன துணியோ விழுந்த நட்டோ அதைத் தின்றுவிடும்.

பழைய பைப்பில் கொஞ்சம் எண்ணெய் ஈரம் இருந்தால் பயப்பட வேண்டாம். கவிழ்த்தால் ஸ்பூன் கணக்கில் கொட்டினால் டர்போவின் எண்ணெய் சீலையோ பிசிவி வால்வையோ (இன்ஜின் அடிப்பகுதியின் ஆவியை வெளியேற்றும் வால்வு) பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

படி 2: புதுப் பைப்பைத் தயார் செய்தல்

பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டாதீர்கள். உள்ளே ஆர்கான் வெல்டிங் சிதறலும் அறுத்த தூளும் இருக்கும். விரலை விட்டுத் தடவி, பிசிறு இருந்தால் அரத்தால் எடுத்து, 400 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுக் கழுவிக் காயவைத்து வெள்ளைத் துணியை உருவி எடுங்கள். துணி சாம்பல் நிறமாக வந்தால் மறுபடியும் கழுவுங்கள்.

நீளம் கூடுதலாக இருந்து வெட்டினால் விளிம்பு மேடும் போய்விடும். மேடு இல்லாத முனையில் எந்தக் கிளாம்பும் நிற்காது. லேத் பட்டறையில் மேடு போட வசதி இல்லையென்றால், முனையிலிருந்து 5 மி.மீ. உள்ளே சுற்றிலும் மெல்லிய ஆர்கான் வெல்டிங் வரி ஒன்று போட்டு வாங்கினால் போதும்.

படி 3: வெள்ளோட்டம்

கிளாம்ப் இறுக்காமல் எல்லாவற்றையும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். கியர் மாறும்போது இன்ஜின் முன்னும் பின்னும் அசையும். பைப்புக்கும் ஃபேன், பெல்ட், ஏசி குழாய், பானெட் ஆகியவற்றுக்கும் இடையே குறைந்தது 10 மி.மீ. இடைவெளி வேண்டும். பானெட்டுக்கு அடியில் களிமண் உருண்டை வைத்து மூடித் திறந்தால் நசுங்கிய கனமே இடைவெளியைச் சொல்லிவிடும். ஹோஸுக்குள் பைப் 25 மி.மீ. ஆவது போக வேண்டும். ஹோஸுக்குள்ளேயே இரு உலோக முனைகளும் முட்டிக்கொள்ளாமல் 10 மி.மீ. விட்டுவிடுங்கள்.

படி 4: ஜாயின்ட்

63.5 மி.மீ. வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 31.7 சதுர செ.மீ. 1.4 பார் பூஸ்டில் அந்த முனையை வெளியே தள்ளும் விசை 45 கிலோ அளவுக்கு வரும், சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு. கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அது வந்து வந்து போகும். இதைத் தாங்குவது உராய்வும் அந்த மேடும்தான்.

எனவே ஹோஸ் உள்பக்கமும் பைப் வெளிப்பக்கமும் எண்ணெய் துளிகூட இல்லாமல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். கிரீஸ், டபிள்யூடி-40, தேங்காய் எண்ணெய் எதுவும் ஆகாது. ஹோஸ் ஏற மறுத்தால் ஆல்கஹாலையே தெளித்து ஏற்றுங்கள், அது ஆவியாகிவிடும். ஓ-ரிங் உள்ள கிளிப் ஜாயின்ட் மட்டும் இதற்கு நேர்மாறு. அங்கே சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவாவிட்டால் ஓ-ரிங் மடிந்து வெட்டுப்படும். "டக்" என்று சத்தம் கேட்டபின் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

கிளாம்ப் மேட்டின் மேலே உட்காரக் கூடாது. மேட்டைத் தாண்டி உட்பக்கம், ஹோஸ் விளிம்பிலிருந்து 4–5 மி.மீ. விட்டு இருக்க வேண்டும். டி-போல்ட் கிளாம்புக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் போதும், தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சிலிகான் கிளாம்புக்கு இருபுறமும் பிதுங்கினால் இறுக்கம் அதிகம். பலத்தைக் காட்டுபவர் கையில்தான் ஹோஸ் அறுபடும்.

சென்சார் திருகு இப்போது அலுமினிய மரையில் ஏறுகிறது. முதல் மூன்று சுற்று கையாலேயே ஏற்றுங்கள். சாய்வாக ஏறினால் மரை போய்விடும், பைப்பும் வீண்.

படி 5: கசிவுச் சோதனை

டர்போவின் உறிஞ்சும் பக்கத்து வாயில் மாட்டும் மூடியை வீட்டிலேயே செய்யலாம். 63 அல்லது 75 மி.மீ. பிவிசி எண்ட் கேப்பில் 11.5 மி.மீ. துளையிட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வைச் செருகி, ஹோஸ் துண்டால் டர்போ வாயோடு கிளாம்ப் போடுங்கள். அளவுமானி உள்ள கைப்பம்பால் மெதுவாக 0.5 பார், அதாவது சுமார் 7 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி) சீல்களும் அந்த அழுத்தத்தை வாங்கும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை ரெகுலேட்டர் இல்லாமல் நேரே கொடுத்தால் மூடி குண்டுபோல் பறக்கும். மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

சோப்பு நுரையை ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் பூசுங்கள். குமிழ் வந்தால் கசிவு. டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி) பக்கம் மெல்லிய "ஸ்ஸ்" கேட்பது பெரும்பாலும் திறந்திருக்கும் வால்வுகள் வழியே போகும் காற்று, அதைத் துரத்த வேண்டாம். கழற்றுமுன் காற்றை இறக்கிவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்தபின்

முதலில் 15 நிமிடம் மெதுவாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டு எல்லாக் கிளாம்பையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். சூட்டில் சிலிகான் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். பிறகு 100 கி.மீ., 500 கி.மீ. ஆனதும் ஒருமுறை. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது சீறல், இழுவைக் குறைவு, பி0299 (பூஸ்ட் குறைவு) எரர் மூன்றும் சேர்ந்து வந்தால் அழுத்தப் பக்கத்தில் ஒரு ஜாயின்ட் விட்டிருக்கிறது. காற்றளவு சென்சார் உள்ள காரில் கூடவே கரும்புகையும் வரும், ஏனென்றால் எண்ணிய காற்று வெளியே போய்விடுகிறது, பெட்ரோல் மட்டும் கணக்குப்படி விழுகிறது.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி ஈசிஆரில் அடிக்கடி ஓடும் கார் என்றால் பளபளவென்று மெருகிட்ட பைப்பை வாங்காதீர்கள். ஆறு மாதத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். அனோடைஸ் அல்லது பவுடர் கோட்டிங் எடுங்கள். ஸ்டெயின்லெஸ் திருகு அலுமினிய மரையில் போகும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும், பிறகு திருகு வராது. மாட்டும்போதே மரையில் ஆன்ட்டி-சீஸ் (திருகு இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும்) பசை ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.

உறிஞ்சும் பக்கத்தையும் மாற்றியிருந்தால் ஃபில்டரைப் பம்பருக்குள் தாழ்த்தி வைக்க வேண்டாம். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் ரெயின்போ நகர் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். ஒரு டம்ளர் தண்ணீர் சிலிண்டருக்குள் போனாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஐப்பசி பிறக்குமுன் ஒரிஜினல் ஃபில்டர் பெட்டியையே திரும்ப மாட்டிவிடுங்கள்.