ஆங்கில வாக்கியத்தில் மாடிஃபையரை எங்கே வைப்பது?

"ஷி சர்வ்ட் இட்லிஸ் டு த கெஸ்ட்ஸ் ஆன் பனானா லீவ்ஸ்."

ஸ்பெல்லிங், டென்ஸ் எல்லாம் சரி. ஆனால் இருக்கும் வரிசைப்படி படித்தால் வாழையிலை மேல் இருப்பது இட்லி இல்லை, விருந்தாளிகள்! இன்னொரு சொல்லைப் பற்றி கூடுதல் தகவல் தரும் சொல்லோ தொடரோதான் மாடிஃபையர். இங்கே 'ஆன் பனானா லீவ்ஸ்' தவறான இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

தமிழில் 'இலையில்' என்றால் அது 'பரிமாறினாள்' என்ற வினையோடு போய்ச் சேரும். விருந்தாளியோடு சேர வேண்டுமானால் 'இலையில் இருந்த விருந்தாளி' என்று பெயரெச்சம் போட்டாக வேண்டும். ஆங்கிலத்தில் அந்த அடையாளம் இல்லை. ஒரே தொடர் இரண்டு வேலையும் செய்யும். அதனால் அது எங்கே நிற்கிறது என்பதை வைத்தே படிப்பவர் பொருள் கொள்வார்.

படி 1: கோடு போட்டுக் கேளுங்கள்

எழுதியதும் மாடிஃபையருக்கு அடியில் கோடு போடுங்கள். 'இது எதைப் பற்றிச் சொல்கிறது?' என்று கேளுங்கள். இட்லியைப் பற்றி என்றால் இட்லிக்குப் பக்கத்தில் வையுங்கள்: "ஷி சர்வ்ட் இட்லிஸ் ஆன் பனானா லீவ்ஸ் டு த கெஸ்ட்ஸ்." அவ்வளவுதான்.

படி 2: 'ஒன்லி' எங்கே?

இதற்குத் தமிழே உதவும். 'மட்டும்' எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் அதே சொல்லுக்கு முன்னால் 'ஒன்லி' போடுங்கள்.

"ஒன்லி ரவி பெய்ட் த ரென்ட்": ரவி மட்டும் கட்டினான், மற்றவர்கள் கட்டவில்லை.
"ரவி பெய்ட் ஒன்லி த ரென்ட்": வாடகை மட்டும் கட்டினான், கரண்ட் பில் பாக்கி.

'மட்டும்' பின்னால் வரும், 'ஒன்லி' முன்னால் வரும். தமிழ் வரிசை மனதில் இருப்பதால்தான் பேச்சில் 'டுடே ஒன்லி' என்று வந்துவிடுகிறது. "ரவி ஒன்லி பெய்ட் த ரென்ட்" என்று ஆங்கிலேயர்களும் சகஜமாகப் பேசுவார்கள். குரல் அழுத்தத்தில் பொருள் புரிந்துவிடும். எழுத்தில் குரல் இல்லையே, அங்கே கவனம் வேண்டும். 'ஆல்மோஸ்ட்', 'நியர்லி', 'ஜஸ்ட்' எல்லாவற்றுக்கும் இதே வழி.

படி 3: தொங்கும் மாடிஃபையர்

தன் வேலையைச் செய்த ஆள் தனக்குப் பக்கத்தில் இல்லாமல் நிற்கும் தொடர்தான் தொங்கும் மாடிஃபையர். நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

"ஆஃப்டர் ஃபினிஷிங் மை டிகிரி, மை ஃபாதர் பாட் மி எ பைக்."

காற்புள்ளிக்குப் பின் முதலில் வரும் ஆள் யாரோ, அவர்தான் முதல் பகுதியின் வேலையையும் செய்தார் என்று ஆங்கிலம் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் என் டிகிரியை அப்பா முடித்தார்!

ஏன் இப்படி எழுதுகிறோம்? 'படிப்பை முடித்ததும் அப்பா பைக் வாங்கித் தந்தார்' என்பது தமிழில் நல்ல வாக்கியம். 'முடித்ததும்', 'போகும்போது' போன்றவற்றில் செய்பவர் ஒருவராகவும் அடுத்த வினையைச் செய்பவர் வேறொருவராகவும் இருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தின் 'ஃபினிஷிங்' நம்முடைய 'முடித்து' போன்றது. 'படிப்பை முடித்து அப்பா பைக் வாங்கித் தந்தார்' என்றால் நமக்கே உறுத்தும், இல்லையா? அந்த உறுத்தல்தான் உங்கள் அளவுகோல். வாக்கியத்தின் தொடக்கத் தொடரில் இப்படி 'இங்' வரும்போதெல்லாம் மனதுக்குள் 'செய்து' என்று மாற்றிப் பாருங்கள்.

திருத்த இரண்டு வழி. ஒன்று, முதல் பகுதிக்குள் ஆளைக் கொண்டு வாருங்கள்: "ஆஃப்டர் ஐ ஃபினிஷ்ட் மை டிகிரி, மை ஃபாதர் பாட் மி எ பைக்." இன்னொன்று, காற்புள்ளிக்குப் பின் சரியான ஆளை நிறுத்துங்கள்: "ஆஃப்டர் ஃபினிஷிங் மை டிகிரி, ஐ காட் எ பைக் ஃப்ரம் மை ஃபாதர்." எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், தொடக்கத்தில் அது பத்திரமானது.

வேலை விண்ணப்பத்தில் இது முக்கியம். "ஹேவிங் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ், யுவர் கம்பெனி வில் பெனிஃபிட் ஃப்ரம் மை ஸ்கில்ஸ்" என்று எழுதினால் அனுபவம் கம்பெனிக்குப் போய்விடுகிறது. "ஐ ஹேவ் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்" என்று நேராகத் தொடங்குங்கள்.

படி 4: இரண்டு பக்கமும் பார்க்கும் சொல்

"ஸ்டூடன்ட்ஸ் ஹூ ப்ராக்டிஸ் ஆஃபன் இம்ப்ரூவ்." அடிக்கடி பயிற்சி செய்பவர்களா, அடிக்கடி முன்னேறுபவர்களா? 'ஆஃபன்' என்பதை 'ப்ராக்டிஸ்' என்பதற்கு முன்னால் நகர்த்தினால் குழப்பம் தீரும்.

இப்போது நீங்களே ஒன்றைத் திருத்துங்கள்: "வெயிட்டிங் ஃபார் த பஸ், இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்."

விடை: "வைல் ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார் த பஸ், இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்."