முகப்பரு: அடுக்களையிலிருந்து எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் சுரப்பு கூடும்போது தோலுக்கடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் உதிர வேண்டிய இறந்த செல்களும் சேர்ந்து மயிர்க்காலின் துளையை அடைத்துக்கொள்ள, அங்கே இயல்பாகவே குடியிருக்கும் பாக்டீரியா பெருகி, அவ்விடம் சிவந்து வீங்குகிறது. கரும்புள்ளியின் கறுப்புகூட அழுக்கன்று. அடைப்பிலுள்ள நிறமி காற்றுப்பட்டுக் கறுத்ததே அது. ஆகவே முகத்தை நாரால் தேய்ப்பதும், நாளொன்றுக்கு ஐந்தாறு முறை சோப்புப் போட்டுக் கழுவுவதும் பருவைக் கூட்டுமே ஒழியக் குறைக்கமாட்டா.

காலையிலும் இரவிலும் ஒருமுறை, நன்றாக வியர்த்த பிறகு இன்னொரு முறை என்று கழுவினால் போதும். தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் பிஎச் அளவு அதற்கு ஏறத்தாழ 5. வழக்கமான குளியல் சோப்போ 9, 10 என்று காரத்தன்மை மிகுந்திருக்கும் என்பதால், மென்மையான முகக்கழுவி நல்லது. பாசிப்பயறு மாவுதான் பழக்கம் என்றால், மெல்லிய துணியில் சலித்து, குழைவாகக் கரைத்து, தேய்க்காமல் பூசிக் கழுவவேண்டும்.

வீட்டு வைத்தியத்தில் நான் முதலிடம் தருவது சோற்றுக் கற்றாழைக்கு. மடலை அடியோடு வெட்டி, வெட்டிய பக்கம் கீழிருக்கும்படி கால் மணி நேரம் நிறுத்திவைத்து, வடியும் மஞ்சள் பாலை முழுவதும் போக்கிவிடவேண்டும். அரிப்பையும் எரிச்சலையும் உண்டாக்குவது அந்தப் பால்தான், பலர் தவிர்த்துவிடும் படியும் இதுதான். பிறகு தோல் சீவி, சோற்றை நன்றாகக் கழுவி, மெல்லியதாகப் பூசி, இருபது நிமிடம் கழித்து வெறும் தண்ணீரில் கழுவலாம். இது பருவை வேரோடு களையாது; சிவப்பையும் எரிச்சலையும் தணிக்கும். எந்தப் பொருளானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே முகத்துக்குக் கொண்டுபோகவேண்டும்.

வேப்பங்கொழுந்தைக் கழுவி மைய அரைத்து, கஸ்தூரி மஞ்சள் ஒரு சிட்டிகை சேர்த்து, வாரம் இருமுறை பத்து நிமிடம் பூசலாம்; காய்ந்து வெடிக்கும்வரை விடக்கூடாது. கடையில் கஸ்தூரி மஞ்சள் என்று விற்கும் பொடியில் வேறு கிழங்கு கலந்திருப்பது உண்டு என்பதால், கிழங்காகவே வாங்கி அரைப்பது மேல். சங்கையும் ஜாதிக்காயையும் கல்லில் உரசிப் பருவின்மேல் வைப்பது நம் பாட்டிமார் கைவைத்தியம். ஆனால் சங்கு சுண்ணாம்புப் பொருள், ஜாதிக்காய் சிலருக்கு எரிச்சலூட்டும் என்பதால் இவ்விரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை.

இயற்கைப் பொருள்களுள் முறையாகச் சோதிக்கப்பட்ட ஒன்று டீ ட்ரீ எண்ணெய்; இது தேயிலையிலிருந்து அன்று, ஆஸ்திரேலிய மரமொன்றின் இலையிலிருந்து எடுப்பது. 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 விழுக்காடு டீ ட்ரீ எண்ணெய், அதே அளவு பென்சாயில் பெராக்சைடு என்னும் பரு மருந்தைவிட மெதுவாக வேலை செய்தாலும், பருவைக் குறைத்தது. பக்கவிளைவும் குறைவாக இருந்தது. இந்த எண்ணெயை எதிலும் கலக்காமல் நேரடியாகப் பூசினால் தோல் எரிந்து சிவக்கலாம். ஆகவே 5 விழுக்காடு கலந்த ஜெல்லாகவே வாங்குவது பாதுகாப்பு.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவவே கூடாது. அதன் பிஎச் ஏறக்குறைய 2. அதோடு வெயிலில் போனால் தோல் கருகித் தழும்பாகலாம். சமையல் சோடா, பற்பசை ஆகியவற்றையும் தடவக்கூடாது. தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கும் என்பதால், தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் வழியாமலும், தலையணை உறையில் ஊறிக் கிடக்காமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். பருவைக் கிள்ளுவதும் பிதுக்குவதும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் மாதக்கணக்கில் கறுப்புத் தடத்தை விட்டுச்செல்லும். பகலில் சன்ஸ்கிரீன் பூசினால் அத்தடம் மேலும் கறுக்காது.

உணவில் சர்க்கரை, மைதா ஆகியவற்றைக் குறைத்துப் பார்க்கலாம். உடற்பயிற்சிக்கூடத்துக்குச் செல்லும் இளைஞர்கள் பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடியை (வே புரோட்டீன்) நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. சிலருக்குப் பரு அதனால் கூடுகிறது.

ஒரே சமயத்தில் ஒரு மருந்தை மட்டும் தொடங்கி, ஆறிலிருந்து எட்டு வாரம் தொடரவேண்டும். அதற்குப் பின்னும் குறையாவிட்டாலோ, ஆழத்தில் வலிக்கும் கட்டிகளோ குழித் தழும்புகளோ தோன்றினாலோ, பெண்களுக்கு மாதவிடாய் தவறுவதும் முகத்தில் முடி வளர்வதும் உடன் இருந்தாலோ, தோல் மருத்துவரிடம் போகவேண்டும். அதற்குள் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசுவது ஆபத்து: முதல் சில நாள் முகம் பளிச்சென்று தெரியும், நிறுத்தியதும் பரு முன்னைவிட மோசமாகத் திரும்பிவரும்.