ஏஐ தந்த பட்டியலும் எங்கள் கிளாரினெட் பிள்ளைகளும்

பள்ளி இசைக்குழுவுக்கு எளிதான ஐந்து உருப்படிகள் சொல் என்று ஏஐயிடம் கேட்டேன். வந்ததில் இரண்டு எந்தப் பதிப்பாளரிடமும் இல்லை. இன்னொன்றில் ஓபோ என்ற ஊதுகருவிக்கு நீண்ட தனி வாசிப்பு. எங்களிடம் ஓபோவே கிடையாது.

அப்புறம் கேள்வியை மாற்றினேன். கருவிவாரியாக எத்தனை பேர், ஒவ்வொருவரும் சிரமமில்லாமல் எட்டும் உச்ச ஸ்வரம் எது, மிச்சமுள்ள ஒத்திகைகள் எத்தனை, எல்லாவற்றையும் கொடுத்தேன். முக்கியமாகக் கிளாரினெட். நடு ஏ (A) ஸ்வரத்தில் விரல் துளைகள் எல்லாம் திறந்திருக்கும். அடுத்த பி (B) ஸ்வரத்துக்கு அத்தனையையும் ஒரே நொடியில் மூட வேண்டும். ஒரு விரல் நகர்ந்தாலும் கீச்சிடும். புதிதாகக் கற்கும் பிள்ளைகள் அங்கேதான் துவண்டுபோகிறார்கள். அந்தத் தாவல் குறைவாக உள்ளவை போதும் என்றேன்.

இந்தமுறை பட்டியல் எவ்வளவோ மேல். ஆனாலும் சரிபார்க்காமல் விடவில்லை. மாதிரி ஸ்கோர்களை, அதாவது இசைக்குறிப்புத் தாள்களைத் திறந்து, இரண்டாம் கிளாரினெட் வரியை நானே வாசித்துப் பார்த்தேன். மூன்று தேறின.