ஒரு தாளை ஸ்வயத்துக்கு மாற்றுவது எப்படி: கல்லூரித் துறைகளுக்கு

கொரோனா காலத்தில் கல்லூரி பூட்டிக் கிடந்தபோதே தெரிந்துவிட்டது: விரிவுரை கேட்க யாரும் வளாகத்துக்கு வர வேண்டியதில்லை. சந்தேகம் கேட்கவும், கணக்கைப் போட்டுத் திருத்தி வாங்கவும், ஆய்வகத்தில் கை வைக்கவும்தான் வர வேண்டும். 2021-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு), ஒரு பருவத்துப் பாடங்களில் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்கக்கூடிய அளவை 20 சதவீதத்திலிருந்து 40 ஆக்கியது. எடுத்த எடுப்பில் 40-ஐயும் நிரப்பப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு தாள் போதும்.

மூன்றாம் ஆண்டு எலக்டிவ், ஆய்வகம் இல்லாதது: இதுதான் தோதானது. முதலாண்டுக் கணிதத்தைத் தொட வேண்டாம். தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் அப்போது வந்திருக்காது. ஸ்வயத்தில் பாடங்களை நடத்தும் ஐஐடிகளின் திட்டமான என்பிடெலின் தளத்தில் பாடத்தின் வாரப் பட்டியலை எடுத்து, உங்கள் சிலபஸோடு யூனிட் யூனிட்டாக ஒப்பிடுங்கள். ஐந்து யூனிட்டில் நான்கு யூனிட்டாவது பொருந்த வேண்டும். 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. உங்கள் தாள் 4 கிரெடிட் என்றால் ஒன்று இடிக்கும். அதை ஒரு சிறு புராஜெக்டுக்கு ஒதுக்கி, முன்கூட்டியே எழுத்தில் வையுங்கள்.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழு, பிறகு கல்விக் குழு, இரண்டின் ஒப்புதலும் பருவம் தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம் அனுமதித்த பட்டியலுக்குள்தான் தேர்வு செய்ய முடியும். கல்லூரி என்பிடெல் லோக்கல் சாப்டராக (என்பிடெலில் பதிந்துகொண்ட கல்லூரி மையமாக) இருந்தால், மென்டராகப் பதியும் ஆசிரியர் யார் அசைன்மென்ட் போட்டார்கள், யார் போடவில்லை என்று பார்க்கலாம்.

12 வாரப் பாடத்தில் காணொளி மொத்தம் சுமார் 30 மணி நேரம், அதாவது வாரத்துக்கு இரண்டரை. அதை வகுப்பில் திரையிடாதீர்கள். பலர் செய்யும் தவறு இதுதான். கல்லூரி வைஃபையில் இறக்கி பென்டிரைவில் கொடுத்துவிட்டால் டேட்டா பிரச்சினையும் இல்லை. சில பாடங்களுக்குத் தமிழ் எழுத்துவடிவமும் கிடைக்கிறது. 50 நிமிட வகுப்பை இப்படிப் பிரிக்கலாம்: முதல் 10 நிமிடம் காணொளியிலிருந்து இரண்டு கேள்வி, தாளில், கையால். அடுத்த 25 நிமிடம் நான்கு பேர் சேர்ந்து ஒரு கணக்கு. மீதி நேரம் எல்லாரும் தடுக்கிய இடத்தை ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது. அந்த 10 நிமிடத்தை விடாதீர்கள். அசைன்மென்ட் விடைகள் டெலிகிராமில் சுற்றும். பார்த்து எழுதியவரை இது காட்டிக்கொடுத்துவிடும்.

மதிப்பெண்ணில் ஒரு பொறி உண்டு. 12 அசைன்மென்டில் சிறந்த 8-இன் சராசரிக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10-உம் தேர்வில் 30-உம் தனித்தனியாக எடுக்க வேண்டும். 20 + 28 என்று மொத்தம் 48 வந்தாலும் சான்றிதழ் கிடையாது. இன்னொன்று: பாடத்தில் சேர்வது இலவசம், தேர்வுக்குத் தனியாகப் பதிந்து பணம் கட்ட வேண்டும். "அதான் சேர்ந்தாச்சே" என்று இருந்துவிட்டுக் கடைசித் தேதியைக் கோட்டை விடுபவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. அந்தத் தேதியைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

தேர்வு முடிவு வரச் சில வாரம் பிடிக்கும். கல்லூரியின் பருவ முடிவு முந்திக்கொள்ளலாம். எனவே இறுதிப் பருவத்தில் இந்தத் தாளை வைக்காதீர்கள், பட்டம் தள்ளிப்போகும்.

கடைசியாக ஏபிசி கணக்கு, அதாவது மாணவர் வாங்கும் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் தேசிய அளவிலான கணக்கு. டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க எண் கிடைக்கும். நம் ஊரில் இது சிக்குவது பெரும்பாலும் இனிஷியலால்தான். ஆதாரில் 'குமார் எஸ்', கல்லூரிப் பதிவில் 'எஸ். குமார்', மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் கிரெடிட் கணக்கில் ஏறாமல் நிற்கும். பருவத்தின் முதல் வாரத்திலேயே மூன்றையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். ஆதார் திருத்தத்துக்கு நாள் பிடிக்கும்.