பயிற்சிக்கு ஆள் வரவில்லையா? அழைத்த விதத்தைப் பாருங்கள்

குழந்தைகள் காப்பகம் நடத்துபவர்கள் பலரும் சொல்வது இது: "பணியாளர்களுக்கு ஊட்டச்சத்துப் பயிற்சி ஏற்பாடு செய்தால் யாரும் வருவதில்லை, ஆர்வமே இல்லை." ஆர்வம் இல்லை என்பதை நான் அவ்வளவு எளிதில் நம்பமாட்டேன்.

பெரிய தவறு, சம்பளமில்லாத நேரத்தில் பயிற்சி வைப்பது. நாள் முழுக்கக் குழந்தைகளைத் தூக்கி இறக்கியவரை மாலையில் உட்காரச் சொன்னால், மனம் வீட்டில்தான் இருக்கும். வேலை நேரத்திலேயே வையுங்கள். முடியாவிட்டால் அந்த நேரத்துக்கும் பணம் கொடுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆளும் வேண்டும். பிள்ளைகள் தூங்கும்போது நடத்திவிடலாம் என்பார்கள். தூங்கும் குழந்தையையும் ஒருவர் கண்காணித்தாக வேண்டுமே!

சமையல் செய்பவரை அழைக்க மறப்பதும் வழக்கம். உப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்று தினமும் முடிவு செய்வது அவர் கைதான்.

அடுத்தது பாடம். வைட்டமின் பட்டியலை ஒப்பித்தால் அடுத்த முறை கூட்டம் பாதியாகும். இன்று மதியச் சாப்பாட்டிலேயே உதவுவதைச் சொல்லுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் போட்டுலிசம் என்ற கடும் நோயை உண்டாக்கலாம். திராட்சையை முழுதாகத் தராமல் நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையை அடைத்துவிடும். புதிய காயைச் சில குழந்தைகள் பத்து முறைக்கு மேல் தட்டில் பார்த்த பிறகே தொடும். எனவே "ஒரு வாய்" என்று கட்டாயப்படுத்துவது வீண். ஒவ்வாமையால் முகம் வீங்கி மூச்சுத் திணறினால் முதலில் என்ன செய்வது என்பதைச் செய்து பார்க்க வையுங்கள். இதற்காகவே வருபவர்கள் உண்டு.

பணியாளர்களின் உடல் எடையையோ அவர்கள் கொண்டுவரும் சாப்பாட்டையோ உதாரணமாகக் காட்டாதீர்கள். ஒருமுறை கூசியவர் மறுமுறை வரமாட்டார். "நீங்கள் செய்வது தவறு" என்று தொடங்கும் சுற்றறிக்கையும் அதே ரகம்தான்.

கற்றதைச் செயல்படுத்த இடம் தராமல் சான்றிதழ் மட்டும் கொடுப்பதும் உண்டு. இனிப்புப் பானத்துக்குப் பதில் தண்ணீர் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னால், மறுவாரப் பட்டியலிலாவது அது இடம்பெறட்டும். நிர்வாகியும் வகுப்பில் கடைசி வரை உட்கார்ந்திருந்தால், அந்த மாற்றத்துக்கு அனுமதி கேட்டு யாரும் அலைய வேண்டியிருக்காது.